ஒரே சாலையில் பல வேகம்

2025 ஜனவரியில் துபாயில் இருபத்து நான்கு மணி நேரக் கார்ப் பந்தயம் ஒன்று நடந்தது. நடிகர் அஜித்குமாரின் பெயரைத் தாங்கிய அணி '991' என்ற பிரிவில் மூன்றாவது இடம் பெற்றது. தமிழ்நாட்டில் ஒரே கொண்டாட்டம். கொண்டாட்டம் சற்று அடங்கிய பிறகு, சாவகாசமாகச் சிலருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. மூன்றாவது என்கிறார்களே, அதற்கு முன்னால் வேறு ஏகப்பட்ட கார்கள் வந்து சேர்ந்துவிட்டனவாமே! இரண்டு பேருக்குப் பின்னால் வந்தால் மூன்றாவது. ஒரு கூட்டத்துக்கே பின்னால் வருகிறவர் எப்படி ஐயா மூன்றாவது ஆவார்?

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு நான் துபாய்க்குப் போக வேண்டியதில்லை. நம் தென் மாவட்டங்களில் நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயமே போதும். அங்கே பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று பிரித்துத்தான் ஓட விடுவார்கள். பெரிய மாட்டோடு சின்ன மாட்டைப் பூட்டி ஓட்டச் சொன்னால் அது பந்தயமாகாது, பாவமாகும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஓட்டம், தனிப் பரிசு. இதுவரை சிக்கல் ஒன்றுமில்லை.

இப்போது நேயர்கள் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே சாலையில் அவிழ்த்து விடுகிறோம். பகல் முழுவதும் ஓட வேண்டும். இரவு முழுவதும் ஓட வேண்டும். மழை பெய்தாலும் நிறுத்தக் கூடாது. பெரிய மாடு சின்ன மாட்டை ஒரு தடவை தாண்டினால் போதாது. சுற்றி வந்து மறுபடி தாண்ட வேண்டும், அதற்கப்புறம் மறுபடியும். பரிசு மட்டும் தனித்தனி. இப்படிப்பட்ட விபரீதமான யோசனை யாருக்காவது தோன்றுமா?

தோன்றியது. பிரான்ஸ் தேசத்தில் மூன்று பேருக்குத் தோன்றியது. அது தோன்றி நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும் என்பதுதான். ஆனால் இந்தப் பந்தயத்தின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, எஞ்சின்கள் மெல்ல மெல்லப் பின்னால் போய், மனிதர்கள் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். பலமுள்ளவனும் பலம் குறைந்தவனும் ஒரே பாதையில் போக வேண்டியிருந்தால் அந்தப் பாதையில் என்ன நியாயம் செல்லும் என்பது பழைய கேள்வி. அந்தக் கேள்வியை இவர்கள் மணிக்கு முந்நூறு கிலோ மீட்டர் வேகத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

*

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோ மீட்டர் தூரத்தில் லெ மான் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில்தான் மான், 1950-களில் மட்டும் அங்கே ஐந்து தடவை ஜெயித்தது ஜாகுவார், அதாவது சிறுத்தையின் அமெரிக்கத் தாயாதி! மோட்டார்ப் பித்து அந்த ஊருக்குப் பழைய வியாதி. 1906 ஜூன் மாதம், 'கிராண்ட் ப்ரீ' என்று பெயர் சூட்டப்பட்ட பிரெஞ்சு மோட்டார் கிளப்பின் முதல் பெரும் பந்தயம் லெ மானை ஒட்டிய சாலைகளில்தான் இரண்டு நாள் நடந்தது. ஃபெரென்ஸ் சிஸ் என்ற ஹங்கேரிக்காரர் ரெனால்ட் கார் ஓட்டி ஜெயித்தார்.

1922-ஆம் வருஷம் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் மூன்று பேர் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் ஜார்ஜ் துரான், மேற்குப் பிராந்திய மோட்டார் கிளப்பின் காரியதரிசி. இன்னொருவர் ஷார்ல் ஃபரூ, மோட்டார் விஷயங்களை எழுதும் பத்திரிகைக்காரர். மூன்றாமவர் எமில் கொகீல், ரட்ஜ்-விட்வொர்த் என்ற சக்கரக் கம்பெனியின் பிரெஞ்சுப் பிரதிநிதி. நிர்வாகி, எழுத்தாளர், வியாபாரி என்ற இந்த மூவர் கூட்டணி உலகத்தில் எதையும் சாதித்துவிடும்.

அவர்களுடைய மனக்குறை இதுதான்: பந்தயத்தில் ஓடும் கார்கள் ஒருவிதம், கடையில் குடும்பஸ்தன் வாங்கும் கார் வேறு விதம். பந்தயக் கார் இரண்டு மணி நேரம் புயலாகப் பறக்கும். குடும்பஸ்தனுடைய காரிலோ இருட்டினால் விளக்கு எரியாது, மழை வந்தால் கூரை ஒழுகும், நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. கடையில் விற்கும் காரையே இரவும் பகலும் ஓட விட்டால் என்ன? அப்போது விளக்கின் யோக்கியதையும் தெரியும், பிரேக்கின் யோக்கியதையும் தெரியும்.

அந்த ஆரம்ப வருஷங்களின் விதிகளைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, மதிப்பும் வருகிறது. சின்னஞ்சிறு கார்களைத் தவிர மற்றவற்றில் நான்கு பேர் உட்கார இடம் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர்தான், மற்ற இடங்களுக்கு ஆள் பாரத்துக்குச் சமமாக மூட்டை ஏற்ற வேண்டும். கொஞ்ச காலம், பந்தயத்தின் நடுவே துணிக் கூரையை இழுத்து மாட்டிக்கொண்டு சில சுற்றுகள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றுகூட விதித்தார்கள். மாமியாரையும் மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவனை மனத்தில் வைத்து எழுதிய சட்டங்கள் என்று தோன்றும்.

முக்கியமான விதி வேறு. சின்ன எஞ்சின், பெரிய எஞ்சின் எல்லாம் ஒன்றாகவே ஓடும். ஆனால் ஒவ்வொரு காருக்கும் அதன் எஞ்சின் அளவை வைத்து, இத்தனை கிலோ மீட்டராவது ஓடி முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு. பெரியதற்குப் பெரிய கெடு. சின்னதற்குச் சின்னக் கெடு. 1923-இல் நடந்த முதல் பந்தயத்தில் 'ஜெயித்தவர்' என்று முறைப்படி யாரும் கிடையாது. தன் கெடுவை எட்டியவன் அடுத்த வருஷத்துக்குத் தகுதி பெற்றான், அவ்வளவுதான். மூன்று வருஷக் கணக்கைப் பார்த்துக் கோப்பை கொடுப்பதாக ஏற்பாடு.

1923 மே 26, மாலை நான்கு மணி. மழையோடு ஆலங்கட்டியும் விழுந்துகொண்டிருந்தது. 33 கார்கள் கிளம்பின. ஒரு சுற்று 17 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மறுநாள் மாலை நான்கு மணிக்கு 30 கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன! அந்தக் காலத்து டயரையும் சாலையையும் நினைத்துப் பார்த்தால் இது சாமானியமான காரியம் அல்ல. லகாஷ், லெயோனார் என்ற இருவர் ஓட்டிய ஷெனார்-வால்கர் கார் எல்லாரையும்விட அதிகத் தூரம் போயிருந்தது: 2,209 கிலோ மீட்டர். கணக்குப் பார்த்தால் மணிக்கு 92. இன்று நம் நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போகிற வேகம்தான். ஆனால் இருபத்து நான்கு மணி நேரம் நம்மில் யாரும் அப்படிப் போவதில்லை.

அந்தப் பந்தயத்தில் என் மனத்தில் தங்கியவர்கள் வேறு இருவர். இங்கிலாந்திலிருந்து ஒரே ஒரு பென்ட்லி கார் வந்திருந்தது. டஃப், கிளெமென்ட் என்பவர்கள் ஓட்டினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கல் தெறித்துப் பெட்ரோல் டாங்கியில் ஓட்டை விழுந்துவிட்டது. கார் நடுவழியில் நின்றது. டஃப் கால்நடையாகவே வந்து செய்தி சொன்னார். கிளெமென்ட் ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார். பெட்ரோல் டின்களைத் தூக்கிக்கொண்டு, கார்கள் சீறிப் பாயும் சாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்; ஓட்டையை அடைத்து, பெட்ரோல் ஊற்றி, காரைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜெயிக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அதே இருவர் அதே பெயருள்ள காரில் வந்து முதலாவதாக ஓடிக் காட்டினார்கள். 'இத்தனை நேரம் ஓடும்படி கார்களைச் செய்யவே இல்லையே, இது பைத்தியக்காரத்தனம்' என்று ஆரம்பத்தில் நினைத்த பென்ட்லி முதலாளிக்கு அந்த ஊர் பிறகு புண்ணிய க்ஷேத்திரம் ஆகிவிட்டது.

*

ஜனங்களுக்கு 'யார் முதல்?' என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே அதிகத் தூரம் ஓடியவனே ஜெயித்தவன் என்ற வழக்கம் சீக்கிரமே நிலைபெற்றது. ஆனாலும் கெடுவைக் கொண்டு அளக்கும் முறையை விட்டுவிடவில்லை. எந்தக் கார் தன் எஞ்சின் சக்திக்கு மிஞ்சி உழைத்தது என்று கணக்கிட்டு அதற்கும் தனிப் பரிசு வைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, பானார் எஞ்சின் பூட்டிய குட்டிப் பிரெஞ்சுக் கார்கள் இந்தப் பரிசைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு போயின. பக்கத்தில் ஃபெராரியும் ஜாகுவாரும் இடி முழக்கத்தோடு போகும்போது, இவை தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகத் தைத்துக்கொண்டே போயிருக்கும். பத்திரிகையில் பெரிய எழுத்து ஃபெராரிக்கு. பணமும் கோப்பையும் குட்டிக் காருக்கும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் சொந்த நாட்டுக் கார்களுக்குச் சலுகை காட்டும் எண்ணமும் கலந்திருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருந்திருக்கலாம். பிரெஞ்சுக்காரர்களும் மனிதர்கள்தானே? ஆனால் அளவுகோல் என்னமோ அழகான அளவுகோல். ஒருவன் எவ்வளவு தூரம் போனான் என்பதோடு, எதை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனான் என்றும் கேட்பது நியாயமல்லவா? பரீட்சையில் மார்க்குப் போடும் நாம் அந்த இரண்டாவது கேள்வியை எத்தனை முறை கேட்கிறோம்?

பிரிவுகள் இருந்ததால்தான் சிலருக்குக் கதவு திறந்தது. 1930-இல் ஓடெத் சீகோ, மார்கெரித் மாரேஸ் என்ற இரண்டு பெண்மணிகள் சின்ன புகாட்டி காரில் வந்து இந்தப் பந்தயத்தில் ஓடினார்கள். பெண்கள் ஓடியது அதுவே முதல் தடவை. ஏழாவதாக வந்தார்கள். 1932-இல் சீகோ ஆல்ஃபா ரோமியோ காரில் மறுபடி ஓடி, இரண்டு லிட்டர் பிரிவில் முதலாவது, மொத்தத்தில் நான்காவது. 'பெண்ணாயிற்றே' என்று தனிச் சலுகை ஒன்றும் இல்லை. தன் பிரிவில் தன் சக்திக்கு ஓடினார். ஓடிய தூரம் ஆண்கள் பலரையும் தாண்டிவிட்டது.

தனியாக ஓட்டித் தீர்ப்பது என்று பிடிவாதம் பிடித்தவர்களும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. ஒரு காருக்கு இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம் என்பதுதான் ஏற்பாடு. யுத்தத்துக்குப் பிறகு முதன்முதலாக 1949-இல் பந்தயம் நடந்தபோது லூயிஜி கினெட்டி என்ற இத்தாலியர், கூட்டாளியை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் மட்டும் ஓட்டவிட்டு, மற்ற இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமே ஓட்டினார். லெ மானில் ஃபெராரிக்கு அதுதான் முதல் வெற்றி. அடுத்த வருஷம் லூயி ரோஸியே இரண்டே இரண்டு சுற்றுகளை மகனிடம் விட்டுவிட்டு, மிச்சத்தை எல்லாம் தாமே ஓட்டி ஜெயித்தார். மகனிடம் சாவியைக் கொடுக்க மனம் வராத தகப்பனார்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள்!

1952-இல் பியேர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் இவர்களையும் மிஞ்சப் பார்த்தார். நடுத்தர வயதுக்காரர். துணைக்கு ஆள் தயாராக நின்றும் இறங்கவில்லை. காரில் ஏதோ கோளாறு இருப்பது தமக்கு மட்டுமே தெரிகிறது, பக்குவமாக ஓட்டத் தம்மால் மட்டுமே முடியும் என்று நினைத்தாராம். இரவு போயிற்று, காலை போயிற்று, நடுப்பகல் போயிற்று. எல்லாரையும்விடப் பல சுற்று முன்னால் இருந்தார். சுமார் ஒரு மணி நேரம்தான் பாக்கி. எஞ்சின் உடைந்தது. பின்னால் பொறுமையாக வந்துகொண்டிருந்த ஜெர்மன் மெர்சிடிஸ் கார்கள் முதலிரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டன. யுத்தம் முடிந்து ஏழே வருஷம். பிரெஞ்சு ஜனங்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையே ஒரு நாவலாக எழுதினால் இந்த இடத்தில் முடித்துவிடலாம். விதி அப்படி முடிக்கவில்லை.

*

மூன்று வருஷம் கழித்து மெர்சிடிஸ் கம்பெனி தன் 1955 அணியில் ஓட்டுவதற்கு அதே லெவேயை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 49. ஜூன் 11, சனிக்கிழமை. பந்தயம் தொடங்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் கார்கள் ஒதுங்கும் இடத்துக்கு 'பிட்' என்று பெயர். அந்தக் காலத்தில் பிட்டுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே சுவர் கிடையாது. சாலையின் ஓரமே பிட். எதிர்ப்புறம் ஒரு மண் கரை. அதற்கு அப்பால் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஜனக் கூட்டம்.

முன்னணியில் ஜாகுவார் ஓட்டிவந்த மைக் ஹாதார்ன், மெதுவான பிரிவைச் சேர்ந்த லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின்-ஹீலி காரைத் தாண்டினார். தாண்டியவர் பிட்டுக்குள் ஒதுங்குவதற்காக வலப்புறம் ஒடித்து பிரேக் போட்டார். பின்னால் வந்த மாக்லின் மோதாமல் இருக்க இடப்புறம் விலகினார். அந்த இடப்புறத்தில், அவரைவிட மிக அதிக வேகத்தில் லெவே வந்துகொண்டிருந்தார். விலக நேரம் இல்லை. மெர்சிடிஸ் ஆஸ்டின்-ஹீலியின் பின்புறத்தில் ஏறி, ஆகாயத்தில் எழும்பி, மண் கரையில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. மிச்ச உடல் கரைமேல் கிடந்து எரிந்தது. லெவேயும், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் 80 பேருக்கு மேலும் மாண்டார்கள். மோட்டார்ப் பந்தய சரித்திரத்தில் அதைவிடக் கொடிய விபத்து நடந்ததில்லை. லெவேக்குப் பின்னால் வந்த ஃபாஞ்சியோ தப்பினார். கடைசிக் கணத்தில் லெவே கையைத் தூக்கித் தமக்கு எச்சரிக்கை காட்டியதாக அவர் பிற்பாடு சொல்லிவந்தார்.

பந்தயத்தை நிறுத்தினார்களா? நிறுத்தவில்லை. அன்று பந்தயத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஷார்ல் ஃபரூ. ஆம், 1922-இல் பாரிஸில் கூடிப் பேசிய மூவரில் ஒருவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நிறுத்தினால் லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள், சாலைகள் அடைபட்டு ஆம்புலன்ஸ் வண்டிகள் நகர முடியாது என்பது நிர்வாகிகள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு முடியவில்லை. முழுக்க ஏற்றுக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. தாம் உண்டாக்கிய ஒன்றைக் கண்ணெதிரே இப்படிப் பார்த்துக்கொண்டு, இருட்டும்வரை, இருட்டிய பிறகும், கார்கள் சுற்றிச் சுற்றி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தாரே, அந்த இரவை என்னால் எழுத முடியாது.

நள்ளிரவுக்குப் பிறகு மெர்சிடிஸ் அணி முதலிடத்தில் இருந்தபோதே தன் கார்களை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டது. அப்படி வெளியேறச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஜான் ஃபிச், லெவேயின் காரில் மாற்றாளாக ஓட்ட வேண்டிய அமெரிக்கர். இவர் பின்னாளில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பில் இறங்கினார். மேம்பாலத் தூண்களுக்கும் பிரிவுச் சாலைகளுக்கும் முன்னால் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைக்கிறார்களே, மோதுகிற காரின் வேகத்தை மணல் விழுங்கி ஆளைக் காப்பாற்றுகிறதே, அந்தப் பீப்பாய் அவர் கண்டுபிடித்தது. அமெரிக்கச் சாலைகளில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அன்று மாலை அவர் பார்த்ததற்கு அவர் சொன்ன பதில் அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

*

விசாரணை நடந்தது. தனி மனிதர் எவர்மேலும் குற்றம் சாட்டப்படவில்லை. கார்களின் வேகம் வளர்ந்துவிட்டது, சாலை வளரவில்லை என்பதே சாரம். ஸ்விட்ஸர்லாந்து தன் எல்லைக்குள் வட்டப்பாதைப் பந்தயங்களைத் தடை செய்தது. அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்தது.

இந்த இடத்தில் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை ஒன்று உண்டு. வேகம் வேறுபட்டதால்தானே வினை வந்தது? பெரிய மாட்டைத் தனியே ஓட்டு, சின்ன மாட்டைத் தனியே ஓட்டு. விஷயம் தீர்ந்தது. லெ மான்காரர்கள் இதைச் செய்யவில்லை. பிட் முன்னால் சாலையை அகலப்படுத்தினார்கள்; பழைய மேடைகளை இடித்து, ஜனங்களைத் தள்ளி உட்கார வைத்தார்கள்; 1956 ஜூலையில் பந்தயத்தை மறுபடி நடத்தினார்கள். பெரியதும் சின்னதும் சேர்ந்தே ஓடின.

இது பிடிவாதமா, கல்நெஞ்சமா? நான் இதைப் பற்றி நிறைய யோசித்தது உண்டு. வேகமானவன் மட்டும் ஓடும் பாதையில் வேகமானவனுக்கு ஒரு கவலைதான்: தன்னைப் போன்ற இன்னொருவனை முந்துவது. எல்லாரும் ஓடும் பாதையிலோ அவன் மற்றவனுடைய உயிருக்கும் பொறுப்பாளி ஆகிறான். பல பிரிவுகள் கலந்து ஓடும் பந்தயங்களில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மெதுவானவன் பதறக் கூடாது. பாதை மாறக் கூடாது. தன் கோட்டிலேயே நேராகப் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போகிற பொறுப்பு வேகமானவனுடையது. 1955-இல் சாலைக்கு இடமும் இல்லை, இந்த ஒழுங்கு முற்றவும் இல்லை. அதன் விலையை வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் கொடுத்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தம் வந்தது. 1925 முதல், ஓட்டுகிறவர்கள் சாலையின் ஒரு பக்கம் நின்று, கொடி விழுந்ததும் குறுக்கே ஓடி, எதிர்ப்பக்கம் நிற்கும் காரில் தாவி ஏறிக் கிளம்புவது அந்த ஊர் வழக்கம். பார்க்க அழகு, ஆனால் பாதுகாப்பு வாரை ஒழுங்காக மாட்டிக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது. 1969-இல் ஜாக்கி இக்ஸ் என்ற 24 வயது பெல்ஜியக்காரர், மற்றவர்கள் ஓடும்போது தாம் மட்டும் நிதானமாக நடந்து போனார்; ஏறினார்; வாரை நன்றாக இறுக்கிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அந்த முதல் சுற்றிலேயே ஜான் உல்ஃப் என்பவர் விபத்தில் இறந்தார். மறுநாள் மாலை, கடைசியாகக் கிளம்பிய இக்ஸின் கார் சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் முதலாவதாக வந்தது! ஓடிப்போய் ஏறும் வழக்கம் அதோடு ஒழிந்தது. சத்தியாக்கிரகம் என்ற சொல்லை அவர் கேட்டிருப்பாரோ என்னவோ, செய்தது அதுதான்.

மூல்சான் கிராமத்தை நோக்கிப் போகும் நேர்சாலை கிட்டத்தட்ட 6 கிலோ மீட்டர் நீளம். 1988-இல் ஒரு கார் அதில் மணிக்கு 405 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டது. 1990-இல் அந்த நேர்சாலையில் வேண்டுமென்றே இரண்டு இடத்தில் வளைவுகளை வைத்து வேகத்தை ஒடித்தார்கள். இருட்டில் எந்தப் பிரிவுக் கார் என்று தெரிவதற்காக வேகக் கார்களுக்கு வெள்ளை விளக்கும், ஜி.டி. பிரிவுக் கார்களுக்கு மஞ்சள் விளக்கும் வைத்த காலம் உண்டு. 2013-இல் கார்வெட் அணி தன் காரின் பின்னால் ரேடார் பொருத்தியது. பின்னால் வருகிறவன் எவ்வளவு வேகத்தில் வருகிறான், எந்தப் பக்கம் தாண்டப் பார்க்கிறான் என்று ஓட்டுகிறவருக்குத் திரையில் தெரியும்.

ஆபத்து அறவே போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2011-இல் அலன் மக்னிஷின் ஆடி கார், மெதுவான பிரிவு ஃபெராரி ஒன்றைத் தாண்டும்போது உரசித் தூக்கி எறியப்பட்டது. அன்றிரவே அதே அணியின் இன்னொரு காரும் அதே மாதிரி சிதறியது. ஆனால் இரண்டு காரிலிருந்தும் ஓட்டியவர்கள் உயிரோடு இறங்கி வந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் உயிர்ச் சேதம் இல்லை. அந்த அணியில் எஞ்சிய ஒரே கார் மறுநாள் 13 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தது. 1955-க்கும் 2011-க்கும் நடுவே சும்மா இருக்கவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி.

*

இப்போது லெ மானில் 62 கார்கள் கிளம்புகின்றன. மூன்று பிரிவுகள். 'ஹைபர்கார்' என்பவை பெரிய கம்பெனிகள் இதற்கென்றே செய்கிறவை. 'எல்.எம்.பி. 2' என்பவை நடுத்தரம். 'ஜி.டி. 3' என்பவை கடையில் விற்கும் உல்லாசக் கார்களின் உறவினர்கள். ஒரு சுற்று 13.626 கிலோ மீட்டர். முதல் பிரிவு சுமார் மூன்றரை நிமிஷத்திலும், கடைசிப் பிரிவு சுமார் நான்கு நிமிஷத்திலும் சுற்றி வருகின்றன. அரை நிமிஷம்தானே வித்தியாசம் என்று நினைக்கலாம். கணக்குப் போட்டால், ஒவ்வொரு வேகக் காரும் ஒவ்வொரு மெதுவான காரையும் ஏறத்தாழ 28 நிமிஷத்துக்கு ஒரு தடவை தாண்டியாக வேண்டும். கடைசிப் பிரிவில் இருபதுக்கு மேல் கார்கள். ஆக, சுமார் நிமிஷத்துக்கு ஒருவரைத் தாண்டுகிற வேலை, விடியவிடிய நடக்கிறது.

மெதுவான பிரிவில் இன்னொரு விதி இருக்கிறது. பந்தயம் ஓட்டுகிறவர்களைத் திறமைக்கேற்பப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஜி.டி. 3 காரின் மூவர் குழுவில் வெண்கலம் ஒருவராவது இருந்தே தீர வேண்டும். அதாவது பந்தயமே ஜீவனமாக இல்லாதவர். வேறு தொழில் செய்து பிழைத்து, ஆசையினால் ஓட்ட வருகிறவர். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் 1979-இல், தம் 54-ஆம் வயதில் இங்கே ஓட்டி, அவருடைய கார் மொத்தத்தில் இரண்டாவதாக வந்தது. சாதாரண ரசிகன் உலக சாம்பியனோடு ஒரே மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் இறங்குவது வேறெந்த விளையாட்டில் நடக்கிறது?

நம்மவர்களும் போயிருக்கிறார்கள். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2009-இல் ஆடி கார் ஓட்டுவதற்குத் தேர்வாகி, பந்தயத்துக்கு முன்னால் பிட் சுவரைத் தாண்டிக் குதித்ததில் தோள் நழுவி, ஓட முடியாமல் போயிற்று. 405 கிலோ மீட்டர் வேகத்துக்குத் தப்பியவர்களை நாலடிச் சுவர் வீழ்த்துகிறது! 2012-இல் சென்னை கருண் சந்தோக், அந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயரோடு போய், கூட்டாளிகள் இருவருடன் மொத்தத்தில் ஆறாவது இடத்தைப் பிடித்தார்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பந்தயம் ஏன் பிடிக்கிறது என்று இப்போது சொல்லலாம். ஒரே கதாநாயகன் உள்ள கதை இல்லை இது. முதலிடத்துக்குச் சண்டை நடக்கும்போதே, முப்பதாவது இடத்துக்கும் முப்பத்தோராவது இடத்துக்கும் நடுவே உயிரைக் கொடுக்கும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். சில சமயம் கிளைக் கதை மூலக் கதையை விழுங்கிவிடும். 1995-இல் விடாமல் மழை கொட்டியது. மேல் பிரிவு வேகக் கார்கள் தடுமாற, சாலையில் ஓட்டுவதற்கென்று பிறந்த மக்லாரன் கார் ஒன்று கீழ்ப் பிரிவிலிருந்து வந்து மொத்தப் பந்தயத்தையே ஜெயித்துவிட்டது. அதை ஓட்டிய மூவரில் ஒருவரான மசனோரி செக்கியா, லெ மானில் ஜெயித்த முதல் ஜப்பானியர்.

2016-ஆம் வருஷத்துப் பந்தயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். டொயோட்டா கம்பெனி பல வருஷமாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அதன் கார் கஸுகி நகாஜிமாவின் கையில் முதலிடத்தில் இருந்தது. இன்னும் மூன்று நிமிஷ அளவுதான் பாக்கி. கார் வலுவிழந்து, கடைசியில் முடிவுக் கோட்டருகே நின்றேவிட்டது. போர்ஷே தாண்டிப் போய் ஜெயித்தது. டொயோட்டா கார் எப்படியோ நகர்ந்து கடைசிச் சுற்றை முடித்தும், அந்தச் சுற்று விதித்த நேரத்துக்குள் அடங்காததால் ஓடி முடித்தவர்கள் பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைக்கவில்லை. (2018-இலிருந்து ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்து அந்தக் கடனை வட்டியோடு வசூலித்துக்கொண்டார்கள்.)

அதே பந்தயத்தில் ஃப்ரெடெரிக் சொஸே என்ற பிரெஞ்சுக்காரரும் ஓடினார். 2012-இல் கிருமி தாக்கி, இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் மருத்துவர்கள் எடுத்துவிட நேர்ந்தது. ஸ்டியரிங்கைச் செயற்கைக் கையில் பொருத்தி, தொடையால் வேகத்தையும் பிரேக்கையும் இயக்கும்படி கார் செய்தார்கள். எந்தப் பிரிவிலும் சேராத காருக்கென்று அந்தப் பந்தயத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். கூட்டாளிகள் இருவரோடு இரவும் பகலும் மாறி மாறி ஓட்டினார். அந்த வருஷப் பட்டியலில் 38-ஆவது பெயர் அவருடைய காருடையது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கொடி அசைகிறது. அப்புறம் தடுப்புகளை எடுத்துவிடுகிறார்கள். மூல்சானுக்குப் போகும் அந்தச் சாலை லெ மானிலிருந்து தூர் நகருக்குப் போகும் பொதுச் சாலை. லாரி போகிறது, பால் வண்டி போகிறது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் கார் போகிறது. முந்திய இரவு அங்கே மணிக்கு முந்நூறு கிலோ மீட்டர் வேகத்தில் போனவர்களுக்கு இருந்த கடமைதான் இவர்களுக்கும். மெதுவாகப் போகிறவர் நேராகப் போகட்டும். அவசரமுள்ளவர் சுற்றிக்கொண்டு போகட்டும்.